வருடத்திற்கு ஒரு சென்டிமீட்டர்

மலேசியாவின் பொந்தியானில் ருக்னுதீனுடைய உணவகத்தின் பலகையில் கடைப் பெயரைவிட 'ஹாஜி' என்ற எழுத்துகள்தான் பெரியவை. மகள் தஸ்லிமா நிலவியலில் முதுகலை முடித்து வந்தபோது, அந்தப் படிப்பை அதே அளவுக்கு எப்படிப் பெரிதாக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. 'பெட்ரோல் எஞ்சினியர்' என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அந்தப் பொய் ஆறே மாதத்தில் கூலாய் ஊரிலிருந்து ஒரு சம்பந்தத்தை இழுத்துவந்தது. மாப்பிள்ளையின் அத்தா ஹாரூனுக்கு மூன்று கடைகள்.

அதே வாரம் தஸ்லிமாவுக்கு அழைப்பு வந்தது. செங்கடலில் ஆய்வுக் கப்பலில் ஆறு வாரம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேன் அத்தா."

"கடல்ல பார்க்க என்னம்மா இருக்கு?"

அவள் ரொட்டி மாவில் ஓர் உருண்டையை எடுத்துத் தட்டி, இரண்டு கையாலும் இழுத்தாள். மாவு நடுவில் மெலிந்துகொண்டே போய்க் கிழிந்தது.

"அரேபியாவும் ஆப்பிரிக்காவும் ஒண்ணா இருந்துச்சு. இப்படி இழுபட்டு, மெலிஞ்சு, பள்ளமாச்சு. கடல் தண்ணி உள்ள வந்துச்சு. கிழிஞ்ச இடத்துல கீழேருந்து உருகின பாறை ஏறி இறுகிடும். அது மறுபடி நடுவுல பிளக்கும், மறுபடி ஏறும். பழசு ரெண்டு பக்கமும் தள்ளிப் போயிக்கிட்டே இருக்கும். கடல்தரை அப்படித்தான் உண்டாகுது."

"அப்போ நடுவுல இருக்குறதுதான் ஆகப் புதுசு?"

தஸ்லிமா நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா அத்தா! தெக்க அது நல்லாவே நடக்குது. வடக்க இன்னும் இழுபடுதா, இல்ல புதுத் தரை வர ஆரம்பிச்சிருச்சான்னு படிச்சவங்களுக்குள்ள சண்டை. அதைப் பார்க்கத்தான் கப்பல் போகுது."

ருக்னுதீன் முப்பது வருடம் ரொட்டிக்கு மாவு வீசியவர். முழுக்கப் புரிந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார், யோசிக்க எதுவும் மிச்சமில்லை என்றாலும். பெரிய மனிதர்கள் உடனே சரி என்று சொல்வதில்லை.

வியாழக்கிழமை ஹாரூன் குடும்பம் பெண் பார்க்க வந்தது. பிரியாணி முடிந்ததும் ஹாரூன் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"கப்பல் வேலைன்னு கேள்விப்பட்டேன். எண்ணெய்க் கப்பலாம்மா?"

"இல்ல மாமா. எண்ணெய் கிடையாது. கடல் எப்படி அகலமாகுதுன்னு பார்ப்போம்."

"எவ்வளவு அகலமாகுது?"

"வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர். கொஞ்சம் கூட இருக்கும்."

"அலமாக்! என் கடைத் தரை அதைவிட வேகமா வெடிக்குது லா! அதை வந்து அளக்கச் சொல்லுங்க, கப்பல் செலவு மிச்சம்."

கூடமே சிரித்தது. தஸ்லிமா சிரிக்காமல் தன் அத்தாவைப் பார்த்தாள். ஒரு வாய்ச்சொல் போதும். அந்தக் கூடத்தில் அவளைத் தவிர அதைச் சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ருக்னுதீன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"சும்மா சின்னப்புள்ள ஆசை. அதெல்லாம் போகமாட்டா."

மறுநாள் அவள் கப்பலுக்கு வர இயலாது என்று எழுதி அனுப்பினாள். அடுத்த வாரம் ஹாரூன் வீட்டிலிருந்தும் பதில் வந்தது. பெட்ரோல் இல்லாத பெண் அவர்களுக்கும் வேண்டாமாம்.

இரண்டு வருடம் கழித்து மக்காவுக்கு உம்ரா போன ருக்னுதீன், ஊர் திரும்பும் நாளன்று காலை ஜித்தாவின் செங்கடல் கரையில் குழுவினருக்கு நடுவே நின்று முழங்கினார். கண்டம் இழுபடுவது, பாறை ஏறுவது, தெற்கு, வடக்கு, ஒன்றும் விடவில்லை. கேட்டவர்கள் வாய்பிளந்து நின்றார்கள்.

"எப்படி ஹாஜியார் இவ்வளவு தெரியும்?"

"என் மக சொன்னது. இதுதான் அவ படிப்பு."

"மாஷா அல்லாஹ்! இப்போ எந்தக் கப்பல்ல இருக்காங்க?"

ருக்னுதீன் பேருந்து வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி காதர் பீவி கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "கப்பல்ல இல்ல. நம்ம ஊர்ப் பக்கம் செடெனாக்ல, டேட்டா சென்டர் வாசல்ல வர்றவங்க பேரு எழுதுறா."

ருக்னுதீன் சற்றுத் தள்ளிப் போய் மகளுக்கு வீடியோ கால் போட்டார். போனைக் கடல் பக்கம் திருப்பினார்.

"தஸ்லிமா, பாரும்மா. உன் கடல்."

திரையில் தஸ்லிமா பேனாவை வைக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா இருக்கு அத்தா" என்றாள். "இங்க ஆளு நிக்குறாங்க. வைக்கட்டுமா?"