ஆணியில் தொங்கும் ரொட்டி

உம்சுனாய் வீட்டில் தங்கியிருந்த சேரின் கொரியாக்காரப் பெண். கிர்கிஸ்தானில் ஊஸ்கோன் பக்கத்திலுள்ள அந்தக் கிராமத்துப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்கத் தொண்டராக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முகத்தைப் பார்த்தால் அசல் கிர்கிஸ் பெண். வம்பே அதுதான். வெள்ளைக்காரி ஒருத்தி தப்புச் செய்தால் ஊர் சிரித்துவிட்டு விட்டுவிடும். சேரின் தப்புச் செய்தால், "யார் வளர்த்த பொண்ணு இது?" என்று உம்சுனாயைத்தான் பார்ப்பார்கள்.

வந்த முதல் வாரமே, வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக் கிண்ணத்தின் விளிம்புவரை தேநீர் ஊற்றிவிட்டாள். விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவது. திரும்பத் திரும்ப ஊற்றினால்தானே பேச்சு நீளும்? முழுக் கிண்ணம் கொடுத்தால், குடித்துவிட்டு இடத்தைக் காலி செய் என்று அர்த்தம். வந்தவர்கள் உடனே கிளம்பிவிட்டார்கள். உம்சுனாய்க்கு மானம் போயிற்று.

ஆனாலும் பெண் கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் போதும். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது, துணுக்குக் கீழே விழுந்தால் மிதிக்கக் கூடாது, காய்ந்துபோனதைக் குப்பையில் போடாமல் ஊறவைத்து மாட்டுக்கு வைக்க வேண்டும் என்று எல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டாள். அப்படிக் கற்றுக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று.

வசந்தப் பண்டிகைக்கு நான்கு நாள் இருந்தது. உம்சுனாய் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது சமையலறை பளபளவென்று இருந்தது. கதவோரத்து ஆணி மட்டும் மொட்டையாக நின்றது.

"இங்க ஒரு துணிப்பை தொங்குச்சே, எங்க?"

"தோய்ச்சுப் போட்டிருக்கேம்மா. உள்ள ஒரு பழைய ரொட்டி இருந்துச்சு. கல்லு மாதிரி. ஒரு ஓரத்த எலி கடிச்சிருந்துச்சு. ஊறவெச்சு மாட்டுக்குக் குடுத்துட்டேன். குப்பையில போடவே இல்ல!" சபாஷ் சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தாள் சேரின்.

கடித்தது எலி அல்ல, எர்மேக். உம்சுனாயின் ஒரே மகன். இரண்டு வருடத்துக்கு முன், மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிய காலையில், வாசலில் நின்று ஒரு வாய் கடித்துவிட்டு மிச்சத்தை அம்மா கையில் கொடுத்துப் போனான். கடித்த மிச்சம் வீட்டில் தொங்கும்வரை அவன் பங்கு இங்கே இருக்கிறது, அதைத் தின்ன அவன் வந்தே தீர வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. அந்தப் பங்கைத்தான் மாடு தின்றிருக்கிறது. அவனிடமிருந்து போன் வந்தே ஒன்பது நாளாகிறது.

உம்சுனாய் தொழுவத்துக்கு ஓடினாள். தொட்டியில் ஒரு துணுக்கு இல்லை. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்பதுபோல் மாடு அவள் கையை முகர்ந்தது. வைக்கோலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அவள் புருஷன் தோக்தோசுன்தான் சேரினிடம் விவரத்தைச் சொன்னான். பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்க மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் உம்சுனாய் முதுகைத்தான் காட்டினாள்.

மாலையில் சேரினின் கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் அவள் முன்னால் வைத்தாள். சேரின் அதைப் பார்த்தபடியே இருந்தாள். வந்த புதிதில் என்றால் புரிந்திருக்காது. இப்போது புரிந்தது. முழுக்கக் குடித்தாள்.

"காலையில பிஷ்கெக் போறேம்மா. ஒரு வாரம் பயிற்சி. அங்க ஆபீஸ்ல வேற வீடு கேட்டுக்கறேன்."

"கேட்டுக்கோ" என்றாள் உம்சுனாய்.

மறுநாள் காலை, சேரின் பெட்டியோடு வாசலுக்கு வந்த நேரத்தில் போன் அடித்தது. உம்சுனாய் பாய்ந்து எடுத்தாள்.

"எர்மேக்! உசுரோட இருக்கியாடா?"

"சிம் போயிருச்சும்மா, அதான். பண்டிகைக்கு லீவு இல்லன்னுட்டாங்க." பெருமூச்சு விட்டுப் பிறகு சிரித்தான். "என் ரொட்டி என்ன ஆச்சு? பூசணம் பிடிச்சிருச்சா?"

உம்சுனாய் மொட்டை ஆணியைப் பார்த்தாள். வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"ஆணியிலதான் தொங்குது. வந்து தின்னுடா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சேரின் மெதுவாகக் கேட்டாள். "எனக்காகவா பொய் சொன்னீங்க?"

"உன் பங்க மாடு தின்னுருச்சுன்னு சொல்லச் சொல்றியா? இருபதாவது மாடியில நிக்கிறவன். கால் நடுங்கிறாது?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ கடிச்ச ரொட்டி உங்கம்மாகிட்ட இருக்கா?"

"எங்க ஊர்ல அந்த வழக்கம் இல்லம்மா."

"அப்போ எத நம்பி உன்ன இவ்வளவு தூரம் அனுப்பி வெச்சா?"

சேரின் தன் போனை எடுத்துக் காட்டினாள். மேசைமேல் ஒரு கிண்ணம் நிறையச் சோறு. அடுத்த படத்திலும் அதே கிண்ணம். அதற்கடுத்த படத்திலும் அதேதான்.

"தினமும் எங்கம்மா எனக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் சோறு வெச்சிருவாங்க. நான் எங்கயும் பசியோட இருக்கக் கூடாதாம்."

உம்சுனாய் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் தெரியாத அந்தத் தாயின் பெண்ணுக்கா முழுக் கிண்ணம் ஊற்றினோம் என்று வெட்கமாக இருந்தது. விறுவிறுவென்று உள்ளே போய், அன்று காலை அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியோடு வந்தாள்.

"கடி."

"அம்மா..."

"டாக்சிக்காரன் ஹாரன் அடிக்கிறான், கடிடீ. இவ்வளவு சின்ன வாயா? நல்லாப் பெருசாக் கடி. வேற வீடு கேக்கறாளாம், வேற வீடு!"

சேரின் அழுதுகொண்டே கடித்தாள். டாக்சி கிளம்பியதும் மிச்சத்தை, அவள் தோய்த்துக் காயப்போட்டிருந்த அதே பையில் போட்டு ஆணியில் மாட்டினாள் உம்சுனாய்.

அன்று மாலை புலாவ். ஒரு கிண்ணத்தில் குவித்து, மேலே தட்டால் மூடி, எர்மேக் உட்காரும் இடத்தில் வைத்தாள். தோக்தோசுன் ஆசையாகக் கையை நீட்டினான். கையில் ஒரு அடி விழுந்தது.

"தொடாதீங்க. அது எர்மேக்குக்கு."

"மாஸ்கோல இருக்கறவனுக்கா?"

"ஆமா. நாளைக்கும் வைப்பேன். அவன் வர்ற வரைக்கும் வைப்பேன்."

தோக்தோசுன் கதவோரத்தைப் பார்த்தான். "அப்போ அந்த ரொட்டி?"

"அது பொண்ணோடது" என்றாள் உம்சுனாய். "முதல்ல போயி மாட்ட நல்லா இறுக்கிக் கட்டுங்க."