வாய்க்காலுக்குள் கதியால்

மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் விடப் போன பிரியதர்சினி வாளியை வைத்த இடத்திலேயே நின்றுவிட்டாள். வாய்க்காலுக்குள் வேலி முளைத்திருந்தது. நேற்றுப் பின்னேரம் அவள் யாழ்ப்பாணம் போயிருந்த நேரம் பார்த்து நட்டிருக்க வேண்டும். புதிதாக வெட்டிய கிளுவை மரக் கதியால்கள், தலையில் சாணி அப்பியபடி, அவள் விட்டுக்கொடுத்த நிலத்தில் வரிசையாக நின்றன.

சுருவில் ஊரில் மாரி வெள்ளம் குளத்துக்குப் போக இருந்தது அந்த ஒரு வாய்க்கால்தான். வேலி அடைக்கும்போதெல்லாம் இரண்டு கரைக்காரரும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தார்கள். மிஞ்சிய இடத்தைக் குழந்தைகளின் பம்பேர்சும் கோழிக்குடலும் போத்தல்களும் நிரப்பின. குளம் வற்றியது, கிணறுகள் உப்பேறிச் சவர்த்தன. இந்த மாரியும் தண்ணீர் குளத்தில் தங்காவிட்டால் தோட்டத்தைக் கைவிட வேண்டியதுதான். நாற்றின் இலைநுனிகள் இப்போதே கருகியிருந்தன.

போன மாதம் கோயில் மண்டபத்தில் கரைக்காணிக்காரர் கூடி, ஆளுக்கு இரண்டடி வேலியைப் பின்னுக்கு எடுப்பதென்று முடிவு செய்தார்கள். எதிர்க்காணிப் பிரவீனன் கனடாவிலிருந்து போனில், "முதல்ல நீர் எடும், நான் பிறகு எடுக்கிறன்" என்றான். கூடப் படித்தவன், நம்பினாள். வேலியில் அப்பா நட்ட பூவரசுகளைத் தறித்து, இரண்டடி பின்னுக்குப் போனாள். ஊரவரோடு நின்று அழுகலை அள்ளினாள். அந்த நாற்றம் சோறு தின்னும்போதும் கையில் கிடந்தது.

எதிர்க்காணியைப் பார்த்துக்கொள்ளும் தம்பு, குழி தோண்டும் அலவாங்கோடு வந்தார்.

"ஆர் சொல்லி இதை நட்டனீங்கள், அண்ணை?"

"காணிக்காரன்தான். நீர் பின்னுக்குப் போனதாலை நடுவிலை நிலம் சும்மா கிடக்காம். இந்தாரும், நீரே கதையும்."

அவர் அழைப்பெடுத்து நீட்டிய போன் திரையில் தடித்த ஜக்கற்றோடு பிரவீனன் இருந்தான்.

"பிரியா, வாய்க்காலை மூடேல்லைத்தானே? தண்ணி போக இடம் விட்டிருக்கு."

"அதுக்குள்ளாலை பூனை போகும். வெள்ளம் போகாது."

"துப்புரவாக்க மெசின் பிடிச்சுத் தந்தது நானெல்லோ?"

"நான் நிலம் தந்தனான். தண்ணிக்குத் தந்தனான், உமக்கில்லை."

போனைத் தம்புவின் கையில் திணித்துவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். முதல் கதியாலை ஆட்டிப் பிடுங்கிக் கரையில் எறிந்தாள். அடுத்ததையும் எறிந்தாள். உள்ளங்கை உரிந்தது. தறித்த பூவரசுகள் நினைவில் வர வர இன்னும் மூர்க்கமாகப் பிடுங்கினாள். மழை பெருந்துளியாகத் தொடங்கிச் சற்று நேரத்தில் சோவென்று கொட்டியது.

"பொலிசுக்குப் போவன்! தம்பு அண்ணை, பாத்துக்கொண்டே நிக்கிறியள்? வீடியோ எடுங்கோ!" என்று போனுக்குள்ளிருந்து பிரவீனன் கத்தினான்.

"எடுங்கோ அண்ணை," என்றாள் அவள் நிமிராமலே. "உங்கட மனுசி தண்ணி கொண்டுவாற பவுசருக்கு வாளியோட நிக்கிறதையும் சேத்து எடுத்து அனுப்புங்கோ."

தம்பு அலவாங்கைக் கீழே போட்டார். போனை வரம்பில் மல்லாக்க வைத்துவிட்டு இறங்கினார். பிரவீனனுக்கு இனி மேகமும் மழைத்துளியும்தான் தெரிந்திருக்கும். "அண்ணை! என்ன நடக்குது அங்கை? அண்ணை!"

அவள் ஆட்டிக்கொண்டிருந்த கதியாலைத் தம்புவும் இரண்டு கையாலும் பற்றினார். அமுக்குகிறாரா, பிடுங்குகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் பிடியை விடவில்லை. அவர் முகத்தால் தண்ணீர் வழிந்தது. றோட்டுப் பக்கமிருந்து நுரையைத் தள்ளிக்கொண்டு, ஒரு யோகட் கப்பைச் சுழற்றியபடி வந்த முதல் வெள்ளம், நாலு கால்களுக்கும் நடுவே முட்டித் தேங்கியது.