மேர்சி அளந்து ஊற்றிய சாராயம்

ஜெறோம் மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்து, குளித்து, ஈரத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தானென்றால் அவன் மனைவி மேர்சிக்கு அதற்குப் பிறகு அடுப்படியில் வேலை ஓடாது. அடுப்பில் பொரிந்துகொண்டிருக்கும் மீனை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அலுமாரியடிக்குப் போவாள். அவளுடைய கழுத்துச் சங்கிலியில் சிலுவைப் பதக்கத்தோடு அலுமாரித் திறப்பும் தொங்கும். அதால் பூட்டைத் திறந்து, சாராயப் போத்தலை எடுத்து, கிளாசைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து ஊற்றுவாள். இரண்டு விரல் அகலம். அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை.

"பாரன், பிள்ளைக்கு மருந்து ஊத்துற மாதிரி ஊத்துறாள்" என்று ஜெறோம் சிரிப்பான், மனம் நன்றாயிருக்கும் நாட்களில். மற்ற நாட்களில் பேசாமல் கையை நீட்டுவான்.

பகலுக்கு ஒன்று, பொழுதுபட ஒன்று. இதுதான் அந்த வீட்டின் சட்டம். அது இலேசில் வந்த சட்டமல்ல. போன வருசம் ஒருநாள் குடித்துவிட்டு வந்து, சோறு ஆறிவிட்டதென்று கதிரையைத் தூக்கி மேர்சிக்கு அடித்தான். மறித்த கையின் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு அவள் கோயிலுக்குப் போனதைக் கண்ட பங்குச் சுவாமியார் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். குடியை அடியோடு விடும்படி ஜெறோமுக்குச் சொன்னார்.

"முழுசா விடச் சொன்னால் என்னாலை ஏலாது, பாதர். கடல் குளிருக்கு உடம்பு கேக்குது. அளவாக் குடிக்கிறன். வீட்டிலை, இவளின்ரை கையாலை" என்றான் ஜெறோம்.

பக்கத்தில் நின்ற அவனுடைய தாய் செபஸ்தியம்மா, "ஓம் பாதர், ஒரேயடியா விட்டால் ஆம்பிளையளுக்கு விசர் பிடிச்சிடும். அளவா எடுத்தால் ஒண்டும் செய்யாது" என்று ஒத்து ஊதினாள்.

மேர்சியும் தலையாட்டினாள். இல்லாத ஊருக்கு வழி கேட்பதைவிட இது பரவாயில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. திறப்பு தன் கழுத்தில் கிடந்தால் குடியும் தன் கைக்குள் கிடக்கும் என்று நம்பினாள். சனமும் அப்படித்தான் கதைத்தது. "மேர்சி கெட்டிக்காரி. மனுசனைக் கயிறு கட்டி வைச்சிருக்கிறாள்" என்று சந்தையில் பெண்கள் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் வீடு அமைதிப்படவில்லை. ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பை சுவரில் பட்டு உடைந்தது. ஒருநாள் மகள் ஷெரோனின் பள்ளிக்கூடப் பை கிணற்றுக்குள் விழுந்தது. இன்னொரு நாள் மேர்சியின் தலைமயிரைப் பிடித்துக் கதவோடு இடித்துவிட்டு, மறுநாள் காலையில் தனக்கு ஒன்றும் நினைவில்லை என்றான். இரண்டு கிளாசுக்கு இப்படி வருமா என்று மேர்சி யோசித்ததுண்டு. அவள் ஊற்றுவதற்கு முன்னமே அவனில் சாராய மணம் அடித்ததும் உண்டு. நேற்றுப் போட்ட சேட்டின் மணமாயிருக்கும் என்று தன்னைத்தானே சமாளித்துக்கொண்டாள். பார்த்தால் கேட்க வேண்டிவரும். கேட்டால் அடி விழும்.

கோயில் பெருநாளன்று எல்லாம் வெடித்தது.

பூசை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜெறோமின் தம்பி ஜெரிசனும், நிறைமாதமாயிருந்த அவன் மனைவி மக்டலீனும், அவர்களோடு தொழிலுக்குப் போகிற இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஆட்டிறைச்சிக் கறி கொதித்தது. பெருநாள் என்பதால் பொழுதுபடக் குடிக்க வேண்டியதையும் ஜெறோம் பகலிலேயே வாங்கிக் குடித்துவிட்டான். வெறும் கிளாசை மேசையில் தட்டினான்.

"மேர்சி, இன்னொண்டு ஊத்து."

"ரெண்டும் முடிஞ்சுதப்பா. சோறு போடுறன், வாங்கோ."

"இண்டைக்குப் பெருநாளடி."

"பெருநாளெண்டாலும் ரெண்டுதானே கதைச்சது."

வந்திருந்த ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "என்ன அண்ணை, அண்ணியிட்டைக் கூப்பன் வாங்கியோ குடிக்கிறியள்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஜெறோமும் சிரித்தான். அந்தச் சிரிப்பு மேர்சிக்குத் தெரியும். அவள் ஒரு அடி பின்னுக்கு வைத்தாள்.

அவன் எழும்பின வேகத்தில் மேசை சரிந்தது. கறிச் சட்டி நிலத்தில் விழுந்து உடைந்தது. கையை எட்டி அவளுடைய கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். சங்கிலி தோலை அறுத்துக்கொண்டுதான் அறுந்தது. திறப்பு கழன்று நிலத்தில் விழ, ஷெரோன் ஓடிவந்து அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள். பதினாறு வயதுப் பிள்ளை, தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேண்டாம் அப்பா. குடிச்சது காணும்."

புறங்கையால் ஒன்று விட்டான். பிள்ளை மேசை விளிம்பில் போய் மோதினாள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். மேர்சி கத்திக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள். அவனுடைய முட்டி அவள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பக்கம் சத்தமே கேட்கவில்லை. நடந்தது எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. ஜெறோம் அலுமாரியை உதைக்கிறான். கதவு அசையவில்லை. குசினிக்குள் போய் மீன் வெட்டும் கத்தியோடு வருகிறான். பூட்டுக்குள் கத்தியை விட்டு நெம்புகிறான்.

"அண்ணை, கத்தியைத் தாங்கோ!" ஜெரிசன் பின்னால் வந்து அவனைக் கட்டிப் பிடித்தான். ஜெறோம் திமிறித் திரும்பினான். கத்தியும் திரும்பியது. அது அருகில் நின்ற தன் மனைவி மக்டலீனின் வயிற்றுப் பக்கம் போகிறதென்று கண்ட ஜெரிசன் அலகையே கையால் பொத்திப் பிடித்தான்.

"விடடா!"

"விடமாட்டன் அண்ணை!"

ஜெறோம் முழுப் பலத்தோடும் கத்தியை இழுத்தான்.

ஜெரிசன் கத்தவில்லை. தன் வலது உள்ளங்கையைப் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டான். விரல்கள் தொங்கின. ரத்தம் முழங்கையால் வடிந்து, சிந்திக் கிடந்த கறியோடு கலந்தது. மக்டலீன் வீரிட்டாள். வந்தவர்களில் ஒருவன் ஓட்டோ பிடிக்க ஓடினான்.

அந்த நேரத்தில் ஜெறோம் செய்ததை மேர்சி சாகும்வரை மறக்கமாட்டாள். நெம்பின பூட்டு விட்டுப்போயிருந்தது. தம்பியின் ரத்தத்தை மிதித்துக்கொண்டு போய் அவன் அலுமாரியைத் திறந்தான். போத்தலை எடுத்தான். நின்ற நிலையில் அண்ணாந்து குடித்தான்.

பொலிஸ் வந்து பிடிக்கும்போதும் போத்தல் அவன் கையில்தான் இருந்தது.

ஆசுபத்திரியில் ஜெரிசனுக்கு நீண்ட சத்திரசிகிச்சை நடந்தது. நரம்பும் தசைநாரும் அறுபட்டிருந்தன. கையைக் காப்பாற்றலாம், ஆனால் மூன்று விரல்கள் பழையபடி மடங்காது என்றார்கள். வலை இழுக்கிற கை அது. மேர்சிக்குக் காது சவ்வு கிழிந்திருந்தது. ஷெரோனுக்கு உதட்டில் தையல்.

வாட்டில் கட்டிலடிக்கு வந்து நின்ற மேர்சியிடம் ஜெரிசன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்: "அண்ணி, உங்களிட்டை ஒண்டு மறைச்சுப் போட்டன். நீங்கள் ஊத்துறது அவருக்கு முதல் கிளாஸ் இல்லை. கரையிலை வலை வைக்கிற வாடிக்குள்ளை குடிச்சிட்டுத்தான் வீட்டை வருவார். நான்தான் ஊத்திக் குடுக்கிறனான். அண்ணை அளவாத்தானே குடிக்கிறார், அண்ணிக்கு ஏன் சொல்லவேணும் எண்டு நினைச்சன்."

 கண்மட்டத்துக்குப் பிடித்துப் பிடித்து அவள் அளந்ததெல்லாம், ஏற்கெனவே நிரம்பி வழிந்த பானைக்கு மேலே ஊற்றிய தண்ணீர்.

வெளியே வராந்தாவில் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை, பொலிசுக்கு ஜெரிசன் கண்ணாடியிலை விழுந்து கை வெட்டினதெண்டு சொல்லு. ஜெறோம் உன்ரை புருசன்தானே. வெளியிலை வரட்டும். இனிச் சாராயம் வேண்டாம், பியர் மட்டும் குடுப்பம். அதுவும் ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும்."

"மாமி, உங்கடை ஒரு மகன்ரை கையை மற்ற மகன் வெட்டிப் போட்டான். இன்னும் என்ன அளவு வைக்கப் போறியள்?"

செபஸ்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேர்சி பொலிசாரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

விளக்கமறியல் சிறையில் ஜெறோமின் உடம்பு அவனையே அடிக்கத் தொடங்கியது. குடி இல்லாமல் கைகால் உதறியது. சுவரெல்லாம் நண்டு ஊர்கிறதென்று கத்தினான். நண்டை நசுக்குகிறேன் என்று சுவரில் தலையை மோதினான். பிறகு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு விழுந்தான். காவலர்கள் தூக்கிக்கொண்டு வந்து ஆசுபத்திரியில் போட்டார்கள். மேர்சி போய்ப் பார்த்தபோது கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"கனகாலம் குடிச்ச உடம்பு திடீரெண்டு நிப்பாட்டினால் இப்பிடி வரும்" என்றார் டொக்டர். "அதுக்கு மருந்து இருக்கு. டொக்டரிட்டைக் காட்டாமல் வீட்டிலை நிப்பாட்டப் போயிருந்தால் உயிர்கூடப் போயிருக்கும்."

"குறைச்சுக் குறைச்சு, அளவாக் குடுத்தால் டொக்டர்?" கேட்டுவிட்டுத் தானே வெட்கப்பட்டாள் மேர்சி.

"அம்மா, இவருக்கு அந்தக் கட்டம் எப்பவோ தாண்டியிட்டுது. இனி விடுறது ஒண்டுதான் வழி. அதை அவர்தான் விடவேணும். நீங்கள் திறப்பு வைச்சிருந்து காரியமில்லை. நடந்ததுக்கு நீங்கள் காரணமும் இல்லை."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும்தான் மேர்சிக்கு அழுகை வந்தது.

தெளிந்த பிறகு ஜெறோம் எல்லாவற்றையும் கேட்டறிந்தான். தம்பியின் கையைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, பழகிய வாய் பழகியதைச் சொன்னது: "மேர்சி, இனிமேல் அளவா..."

"அந்தச் சொல்லை இனி என்ரை முன்னாலை எடுக்காதேங்கோ." அவள் குரலை உயர்த்தவில்லை. "நானும் பிள்ளையும் பாசையூரிலை அக்கா வீட்டை இருக்கிறம். ஒரு சொட்டும் குடிக்காத ஜெறோம் வந்தால் கதைப்பம். அளவாக் குடிக்கிற ஜெறோமோடை எனக்குக் கதையில்லை."

திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பிணையில் வந்த ஜெறோம் வெறும் வீட்டுக்குத்தான் வந்தான். மருந்து எடுத்தான். குடியை விட்டவர்கள் கூடிக் கதைக்கும் இடமொன்றுக்கு டொக்டர் அனுப்பினார். முதலில் வெட்கத்தோடு போனான், பிறகு பயத்தோடு போனான். ஒருமுறை பார் வாசல்வரை கால் போய்விட்டது. உள்ளே போகாமல், நேரே தம்பி வீட்டுக்குப் போய் வாசலில் குந்தியிருந்தான். ஜெரிசன் கதைக்கவில்லை. ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து, இடது கையால் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாளிலிருந்து தம்பியின் வலையையும் ஜெறோமே இழுத்தான்.

ஜெரிசனுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு மேர்சியும் ஷெரோனும் வந்திருந்தார்கள். வளவில் போட்ட பந்தலுக்குள் ஆண்கள் ஒரு பக்கம் இருந்தார்கள். அன்று பெருநாளில் கூப்பன் கதை சொன்ன அதே ஆள் ஒரு கிளாசைக் கொண்டுவந்து ஜெறோமின் முன்னால் நீட்டினான்.

"பிடியுங்கோ அண்ணை. பெறாமகன்ரை விசேசம். ஒரு கிளாஸ்தானே, அளவா எடுங்கோ."

பந்தலின் மறுபக்கத்தில் மேர்சி நின்றாள். நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பினாள்.

ஜெறோம் கிளாசைத் தொடவில்லை. அவனுடைய பார்வை, குழந்தையை இடது கையில் ஏந்திக்கொண்டு, விரல் மடங்காத வலது கையால் பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு நின்ற தம்பியில் இருந்தது.

"தம்பி, அளவா எடுத்து அதோடை நிக்கிற ஆக்களும் இருக்கினம். நான் அந்த ஆளில்லை" என்றான். பந்தல் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னான். "மூண்டாவது கிளாசிலைதான் பிழை வருகுதெண்டு கனகாலம் நினைச்சிருந்தன். பிழை முதல் கிளாசிலை. என்ரை தம்பியின்ரை கையும், மனுசியின்ரை காதும், பிள்ளையின்ரை உதடும் அந்த முதல் கிளாசுக்குள்ளைதான் கிடக்குது. குடிச்சால் கையை நீட்டுறவனுக்கு அளவெண்டு ஒண்டு இல்லை. விடுறது ஒண்டுதான் இருக்கு."

நீட்டினவன் கையை இழுத்துக்கொண்டான். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜெரிசன் மெல்ல நடந்து வந்தான். நெடுநாளாகத் தமையனோடு வாய் திறக்காதவன் குழந்தையை முன்னுக்கு நீட்டினான்.

"அண்ணை, கை நோகுது. இவனை ஒருக்கால் வைச்சிருங்கோ."

ஜெறோம் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினான்.