ஜெயக்கொடியின் வயிற்று வலி

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வலி இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டதும், "அப்படி யாருக்கும் இல்லைங்க" என்று சாம்ராஜ் சொல்லிவிட்டான்.

பக்கத்து நாற்காலியில் வயிற்றை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவனுடைய மகள் இவாஞ்சலின். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மாதத்தில் மூன்று நாள் வகுப்புக்குப் போக முடியாது. போன பருவத் தேர்வில் பாதியில் எழுந்து வந்து வாந்தியெடுத்தாள். உள்ளூர் டாக்டர்கள் நாலு பேரும் அல்சர் மாத்திரை கொடுத்து அனுப்பிய பிறகுதான் மதுரைக்குக் கூட்டி வந்திருந்தான். ஸ்கேனில் சினைப்பையில் ரத்தக்கட்டி தெரிந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்றார் டாக்டர். கர்ப்பப்பையின் உட்புறம் இருப்பது போன்ற சவ்வு வெளியிலும் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயும் வீங்கி ரத்தம் கசியும், அதுதான் வலி என்று விளக்கினார்.

"ஜெயா அத்தைக்கு இருந்துச்சுல்லப்பா" என்றாள் இவாஞ்சலின்.

"அவங்களோட பழைய சீட்டு இருந்தா கொண்டு வாங்க" என்றார் டாக்டர்.

ஜெயக்கொடி சாம்ராஜின் தங்கை. அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். கல்யாணமான நாலாம் வருடம் வலி தாங்காமல் பிறந்த ஊரான பரளச்சிக்கு வந்து படுத்தவளை, வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று புருஷன் வீட்டார் சொன்னதை நம்பி, சாம்ராஜ்தான் தன் லோடு வேனில் ஏற்றிக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவன் நிறுத்தவில்லை. பிள்ளை இல்லையென்று பிறகு அவர்களே அவளை அனுப்பிவிட்டார்கள். முப்பத்தோரு வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதன் பிறகு அண்ணனும் தங்கையும் சர்ச்சில் பார்த்துக்கொள்வதோடு சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாம்ராஜும் மகளும் அவள் வீட்டுக்குப் போனார்கள்.

"பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் வச்சிருக்கியா, ஜெயா? டாக்டர் கேக்குறாக."

"யாருக்கு?"

"பாப்பாவுக்கு."

ஜெயக்கொடி மருமகளைப் பார்த்தாள். "தொடை வரைக்கும் இழுக்குதா?"

"ஆமா அத்தை."

"வெளிக்கிப் போறப்பவும் வலிக்குமா?"

அப்பா முன்னால் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணே, நீ செத்த நேரம் வெளிய இரு."

அவன் போனதும் பீரோவில் ரேஷன் கார்டோடு கிடந்த பாலித்தீன் கவரை எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் ஆங்கிலம். இவாஞ்சலின் ஒவ்வொரு தாளாகப் படித்து, கடைசித் தாளில் நின்றாள்.

"அத்தை, இதுல எழுதியிருக்கே."

"என்னன்னு?"

"எனக்குச் சொன்ன அதே பேரு. பயாப்சி ரிப்போர்ட்டு. பதினாலு வருசம் ஆச்சு."

"கேன்சர் இல்ல, வீட்டுக்குப் போலாம்னாக. அம்புட்டுத்தான் சொன்னாக."

ஜெயக்கொடி அந்தத் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுகை வரவில்லை. முதுகு வலித்தது, சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எங்கம்மாவும் வயித்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டுத்தான் களையெடுக்கப் போகும். சூட்டு வலின்னு சொல்லும்."

"உங்களுக்கு இப்பவும் வலிக்குதா அத்தை?"

"வலிக்குது. எடுத்த பெறகு வலிக்கக் கூடாதுல்ல? அதான் யார்ட்டயும் சொல்லல."

சாம்ராஜ் உள்ளே வந்தபோது மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். அவன் அந்தத் தாளை வாங்கிக்கொண்டான்.

"அன்னைக்கு வண்டியையாச்சும் நிறுத்தியிருக்கணும்."

"அதப் பேச எனக்கு இப்பத் தெம்பில்ல அண்ணே" என்றாள் ஜெயக்கொடி.

மறு வாரம் மூன்று பேரும் மதுரைக்கு பஸ் ஏறினார்கள். டாக்டர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, இவாஞ்சலினின் ஃபைலில் அத்தையையும் பாட்டியையும் குறித்துக்கொண்டார். பிறகு ஜெயக்கொடியையும் படுக்கச் சொல்லிப் பார்த்தார்.

"அப்ப கர்ப்பப்பையை மட்டும்தான் எடுத்திருக்காங்க, சினைப்பை இன்னும் இருக்கும்மா. வெளிய வளர்ந்ததும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். வலி நிஜம்தான்."

இருவருக்கும் மாத்திரை எழுதினார். மூன்று மாதத்தில் இவாஞ்சலினுக்கு வலி பாதியாகக் குறைந்தது. விட்ட தேர்வை எழுதினாள். ஜெயக்கொடிக்கு அவ்வளவு குறையவில்லை. லீவு கேட்டபோது தறிக்கூடத்து மேஸ்திரி வெள்ளத்துரை, "அதான் எடுத்தாச்சேக்கா, இன்னும் என்ன?" என்றார். நோயின் பெயரைச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் லீவு கொடுத்தார்.

அன்று மத்தியானம் அவள் வெறுந்தரையில் படுத்திருந்தபோது சாம்ராஜ் போன் செய்தான்.

"எப்படி இருக்கு, ஜெயா?"

"வலிக்குதுண்ணே."

அந்தப் பக்கம் யாரோ மூட்டை ஏற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அவனும் போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.