முட்டுச்சந்தில் நின்ற கார்

எட்டு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டிய கார், எட்டேகாலுக்கும் முட்டுச்சந்துச் சுவரைப் பார்த்தபடியே நின்றது. பின்சீட்டில் ஹால் டிக்கெட்டும் கையுமாக நாகஜோதி உட்கார்ந்திருந்தாள். மதுரையில் தேர்வு மையத்தின் கேட்டை ஒன்பதுக்குச் சாத்திவிடுவார்கள். அலங்காநல்லூரிலிருந்து அரை மணி நேரமாவது வேண்டும். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி அரசுத் தேர்வு. மூன்று வருடம் அடுப்படியில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்திருக்கிறாள்.

வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள் என்று முந்தின நாளே சொன்னாள். கேட்கிற ஆளா? புருஷன் நல்லகாமன் இருபது வருஷ டிரைவர். பெண்டாட்டி சொல்லித் திருப்பினால் கௌரவம் என்னாவது?

"முன்ன பின்ன எடுத்து நாலு ஒடி ஒடிச்சா திரும்பிரும்" என்றான் நல்லகாமன்.

"அதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்ணே" என்றான் அவன் தம்பி செல்வக்குமார். அவனியாபுரத்தில் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறவன். "ரிவர்ஸ்ல வேகமா வந்து, ஸ்டியரிங்க ஒடிச்சு ஹேண்ட் பிரேக்கப் போட்டா ஒரே சுத்து."

"டயரு தேஞ்சா நீயா வாங்கித் தருவ?"

நாகஜோதிக்குப் பொறுக்கவில்லை. "ரோடு நூறடி தூரந்தான். அப்படியே பின்னால எடுத்துட்டுப் போங்க."

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "நல்ல காரியத்துக்குப் போறப்ப ரோடு வரைக்கும் பின்னாலயே எடுத்தா வெளங்குமா?" என்றான் நல்லகாமன். அதில் மட்டும் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கருத்து.

நல்லகாமன் நாலு முறை ஒடித்தான். கார் தெருவுக்குக் குறுக்கே நின்றுகொண்டது. பொறுமையிழந்த செல்வக்குமார் அண்ணனை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். "கெட்டியா புடிச்சுக்கங்க மதினி" என்றான். ஒரே சுத்துதான். பின்சக்கரம் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது.

அவள் ரோட்டுக்கு ஓடினாள். பஸ் பிடித்து, இறங்கி, மறுபடி ஓடிப்போய் நின்றபோது ஒன்பது ஐந்து. கேட்டுக்கு உள்ளே இருந்தவர் கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. ஹால் டிக்கெட்டை நாலாக மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

மத்தியானம் வீடு திரும்பியபோது, கழுவித் துடைத்த கார் ரோட்டைப் பார்த்து அம்சமாக நின்றது. நாலு விரற்கடை தள்ளிச் சுற்றியிருந்தால் சாக்கடைக்குத் தப்பியிருக்கும் என்று செல்வக்குமார் இன்னும் அளந்துகொண்டிருந்தான்.

"எப்படித் திருப்புனீங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

"தெருக்காரங்க தூக்கிவிட்டாங்க. ரோடு வரைக்கும் பின்னாலயே எடுத்துட்டுப் போயி, அங்கன திருப்பி, ரிவர்ஸ்லயே உள்ள கொண்டாந்தேன். ரெண்டு நிமிசம்."

"இப்ப மட்டும் பின்னால எடுக்கலாமா?"

"இப்பத்தான் யாரும் நல்ல காரியத்துக்குப் போகலையே" என்றான் நல்லகாமன்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான்.