ஐம்பத்திரண்டு துண்டு வீரன்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெய்ஜுவான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் விளையாட்டு அறை. உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, இவளுக்கு ஜன்னல். சீனாவின் செங்ஹாய் நகரில் பொம்மைத் தொழிற்சாலைக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில், புதிதாகச் செய்கிற ஒவ்வொரு பொம்மையையும் பிள்ளைகள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவது நாலு வருஷமாக இவள் வேலை. பார்த்ததெல்லாம் ஊரார் பிள்ளைகள் விளையாட்டு. பெற்ற பிள்ளை விளையாடி ஒரு நாளும் பார்த்ததில்லை.

சியாவ்மானை ஒரு வயதில் ஜியாங்ஷி மலைக் கிராமத்தில் அத்தையிடம் விட்டுவிட்டு வந்தவள் அவள். கணவனுக்கு வடக்கே எங்கோ ரயில் பாலம் கட்டுகிற வேலை. புத்தாண்டு விடுமுறைக்கு மட்டும் ஊருக்குப் போய்ப் பார்த்த மகளை, ஐந்து வயதாகிவிட்டதே, இனியாவது கூட வைத்துக்கொள்வோம் என்று அழைத்து வந்து ஒன்பது நாள் ஆகிறது. பிள்ளை சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், குளிக்கச் சொன்னால் குளித்தாள். அம்மா என்று மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. படுக்கவைத்தால் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தாள். இடம் பிடிக்கவில்லை, தன்னையும் பிடிக்கவில்லை என்று மெய்ஜுவான் முடிவுகட்டியிருந்தாள். அத்தை போனில் சொன்னதும் அதைத்தான். “பத்து நாளு பாரு மெய்ஜுவான். ஒட்டலைன்னா கொண்டாந்து விட்டுடு. புள்ளைய வதைக்காத.” நாளையோடு பத்து நாள் முடிகிறது.

பொம்மையை வடிவமைத்த சென், தேநீர்த் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சுண்டைக்காய் அளவுக் கோப்பைகளில் நாளெல்லாம் தேநீர் ஊற்றிக் குடிக்கும் மனிதர். “ஒரு புள்ளைக்குக் காய்ச்சலாம். ஆறுல ஒண்ணு கொறையுது. வெளிய உக்காந்திருக்குற ஒம் பொண்ணத்தான் உள்ள விடேன்.”

“வேலை செய்யிறவங்க புள்ள கூடாதுன்னு விதியில இருக்கே அண்ணே.”

“அந்த விதிய எழுதினதே நாந்தான். எழுதும்போது பாதித் தூக்கம்.”

இன்றைக்கு நேரம் குறித்தவரும் அவர்தான், பன்னிரண்டரைக்கு. ஊரே மதிய உணவு முடித்துக் கட்டையைச் சாய்க்கிற நேரம். பாலர் பள்ளியில் படுக்கை விரித்த பிறகு எழுப்பி அழைத்து வந்த பிள்ளைகள், கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து விரிப்பில் உட்கார்ந்தன. இரண்டு பேருக்கு ஒரு பெட்டி. சியாவ்மானுக்கு யீதோங் என்ற பெண் ஜோடி.

பெட்டிக்குள் ஐம்பத்திரண்டு துண்டுகள். கூட்டிச் சேர்த்தால் கட்டைவிரல் உயரத்தில் ஒரு வீரன், அவனுக்கு எதிரிகள் இரண்டு பேர், ஓர் இயந்திர நாய், ஒரு வண்டி. பெட்டி அட்டையில் வீரன் முஷ்டியில் மின்னல் தெறிக்கப் பாய்ந்துகொண்டிருந்தான். மெய்ஜுவான் எழுதிக்கொண்டே வந்தாள். சக்கரம் சுலபமாகப் பொருந்துகிறது. முஷ்டி இறுக்கம், ஒரு பிள்ளை பல்லால் கடித்துப் பொருத்துகிறது. கட்டி முடிக்கப் பதினெட்டு நிமிடம். அடுத்த கேள்வி: சண்டை எத்தனை நிமிடம்?

சண்டையே இல்லை. திரைச்சீலை வழியாக மஞ்சளாக வந்த வெளிச்சத்தில் அறை முழுவதும் கொட்டாவி பரவியது. ஜுன்காய் என்கிற குண்டுப் பையன் வண்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு தூங்கியே போனான். மற்றவர்கள் கனவுக்குள் நடப்பதுபோல மெதுவாகக் கையை நீட்டி, மெதுவாகத் துண்டுகளை நகர்த்தினார்கள். சியாவ்மான் செய்முறைத் தாளைப் பாயாக விரித்து, எதிரிகள் இருவரையும் நாயையும் வரிசையாகப் படுக்கவைத்தாள். வீரனின் தோளில் தொங்கிய சிவப்புத் துணியைக் கழற்றி அவர்களுக்குப் போர்த்திவிட்டாள்.

“ஒரு வருஷமா நான் அவனுக்கு முஷ்டி செஞ்சேன்,” என்றார் சென். “இதுக எதிரிக்குப் போர்வை போர்த்துதுக.”

யீதோங் வீரனையும் எடுத்துப் படுக்கவைக்கப் போனாள். சியாவ்மான் அவள் கையைப் பிடித்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் சின்னதாக வந்தது.

“அவன் வேணாம். அவன் தூங்க மாட்டான்.”

“ஏன்?”

“அவன் சக்தியே அதான். தூங்காம இருக்குறது.”

“அது ஒரு சக்தியா? அத வெச்சு என்ன பண்ணுவான்?”

“அவங்கம்மாவப் பாத்துக்குவான்.” சியாவ்மான் வீரனைப் பாயின் ஓரத்தில் உட்காரவைத்தாள். “தூங்குனா அம்மா போயிடுவாங்க. எங்கம்மா அப்புடித்தான். வர்றப்ப நான் தூங்கிட்டு இருப்பேன். மறுபடி தூங்கி முழிச்சா இருக்க மாட்டாங்க.”

“இப்ப எங்க உங்கம்மா?”

“இப்ப இருக்காங்க. ஒம்பது நாளா இருக்காங்க. நான் தூங்கவே இல்ல.”

மெய்ஜுவானின் பேனா நின்றுவிட்டது. புத்தாண்டு முடிந்து கிளம்பும்போதெல்லாம் விடியுமுன்பே போய்விடு என்று சொன்னவர் அத்தைதான். பிள்ளை அழுது பார்க்க வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவு கிரீச்சிடாமல் வெளியேறுவாள். பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு, அழவிடாமல் வந்துவிட்டோம் என்று. நாலு வருஷமும் அப்படித்தான் வந்தாள்.

உள்ளே சியாவ்மானின் தலை சரிந்து, திடுக்கென்று நிமிர்ந்து, மறுபடி சரிந்தது.

“சோதனை முடிய இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு,” என்றார் சென். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசையில் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நீ போ. நான் எழுதிக்கிறேன்.”

மெய்ஜுவான் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், மகளுக்குப் பக்கத்தில் விரிப்பில் படுத்தாள். சியாவ்மான் ஆச்சரியப்படவில்லை. செக்கச்சிவந்த கண்ணால் பார்த்தாள்.

“இனிமே போறதுன்னா நீ முழிச்சிருக்கறப்ப, ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்,” என்றாள் மெய்ஜுவான். “இப்ப எங்கயும் போகல. தூங்கு.”

சியாவ்மான் வீரனைத் தூக்கி மெய்ஜுவானின் மூக்குக்கு நேராக, அவள் முகத்தைப் பார்த்து நிற்கும்படி நிறுத்தினாள். ஆடாமல் நிற்கிறானா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் கண்ணை மூடினாள்.