இடிந்த அரண்மனையின் சிவப்பு

அக்கா தைக்கும் கைப்பை வெளியே சாதுவான கறுப்புத் தோல். கொக்கியைத் திறந்தால் உள்துணி பளீரென்று முகத்தில் அடிக்கும். செங்கல்லும் இல்லை, ரோஜாவும் இல்லை; கோபக்காரன் காதுமடல் மாதிரி ஒரு சிவப்பு. ஏலத்தில் அத்தான் தலையில் கட்டிவிட்ட அரை டிரம் சிவப்புச் சாயத்தையும் அரை டிரம் மஞ்சளையும் கொட்ட மனமில்லாமல் அக்கா கலந்து பார்த்ததில் பிறந்த நிறம். பிறகு அதே அளவில் கலந்து கலந்து, கடைக்கே அது முகமாகிவிட்டது.

அந்த முகத்துக்குச் சொந்தம் கொண்டாட ஒருவர் வந்தார். பெரிய பை கம்பெனி ஆள். டை கட்டியிருந்தார். தோல் வெட்டும் மேஜைமேல் வழவழப்பான புத்தகம் ஒன்றையும் நிற அட்டை ஒன்றையும் வைத்தார்.

"இந்த நிறத்தை எங்க கம்பெனி பதிவு பண்ணியிருக்கு. பைக்குள்ள வேற யாரும் போடக் கூடாது. மாத்திடுங்க, இல்லேன்னா கோர்ட்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிறத்தையா? நாளைக்கு வானத்தையும் பதிவு பண்ணுவீங்களா?"

"பைக்குள்ள போட்டா பண்ணுவோம் சார்" என்றார், சிரிக்காமல்.

அத்தான் அதற்குள் நிற அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கோர்ட்டு எதுக்கு சார்? ஒரு கட்டம் தள்ளிக்கிறோம். இது ஓகேவா?"

"பத்தாது. ஆறு கட்டம்."

"ஆறா! அது பிஸ்கட் கலர் சார், பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிப்பேன்? ரெண்டு."

"நாலு."

பொண்டாட்டி கத்தரிக்கோலும் கையுமாக அங்கேயேதான் நின்றாள். எங்கள் வம்சத்து வியாதி இது. எதிராளி வாயைத் திறந்தால் போதும், பேரம் ஆரம்பித்துவிடும். பறிபோவது யார் வீட்டுச் சொத்து என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான்.

"பேரத்தை நிறுத்துங்க" என்றாள் அக்கா. "சார், இது எப்படி உங்களோடது ஆச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவர் பெருமையோடு புத்தகத்தைப் பிரித்து, தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட நிறுவனர் அம்மாளின் படத்துக்குக் கீழே இருந்த நிறத்தின் வரலாற்றைப் படித்தார். "கடல் தாண்டி ஓர் இடிந்த அரண்மனை. அதன் அந்தப்புரச் சுவரைப் பௌர்ணமியன்று மட்டும் சுரண்டுவார்கள். அந்தப் பொடியில்தான் எங்கள் நிறுவனர் இந்தச் சிவப்பைக் கண்டெடுத்தார்."

அத்தானின் விரல் அட்டையிலேயே உறைந்தது. அக்கா மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

அந்த அரண்மனையை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கட்டியவரே அத்தான்தான். சரக்கு எங்கிருந்து வருகிறது என்று வாங்குகிறவனிடம் சொல்லாதே என்பது எங்கள் வீட்டில் தாய்ப்பாலோடு ஊட்டும் பாடம். அதனால் யார் கேட்டாலும் அத்தான் அரண்மனையை அவிழ்த்துவிடுவார். பல வருஷத்துக்கு முன் தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண்ணும் இரண்டு பை வாங்கி, கேட்டுவிட்டுப் போனாள்.

"சார், அந்த அரண்மனை நான் விட்ட புளுகு!" அத்தான் கிட்டத்தட்ட அலறினார். "கலந்தது இவதான். சத்தியமா!"

டை கட்டியவர் இரக்கத்தோடு பார்த்தார். "கடைக்காரர் சத்தியம் பண்ணா நம்பித்தானே ஆகணும்" என்று புத்தகத்தை மூடினார். "மாசக் கடைசிக்குள்ள மாத்திடுங்க."

அவர் தலை மறைந்ததும் நான் குதித்தேன். "பகல் கொள்ளை இது! திருடினது அவங்க, மிரட்டுறதும் அவங்களா? வா அக்கா, கோர்ட்டுக்கே போவோம்."

"போய்? யாருடா சாட்சி? இவரா?"



அக்கா அலமாரியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக இறக்கி, உள்துணியை வெட்டி எடுத்தாள்.

"பிஸ்கட் கலர் வேணா போடலாமா?" என்றார் அத்தான், ஈனசுரத்தில்.

"ஒண்ணும் வேணாம். வெறுமையாவே கிடக்கட்டும். திருடு போன வீடுன்னு பார்க்கறவங்களுக்குத் தெரியட்டும்."

இப்போது கொக்கியைத் திறந்தால் பசைக்கறையோடு வெறும் தோல்தான். "அந்தச் சிவப்பு எங்கம்மா?" என்று கேட்பவர்களுக்கு அக்கா பதில் சொல்வதில்லை. கட்டைவிரலால் அத்தானைக் காட்டுவாள். அவர் ஏலம், டிரம், கலவை, புளுகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லவேண்டும். எதையாவது விழுங்கினால் தையல் மெஷின் நின்றுவிடும். விட்டதைச் சொன்னால்தான் மறுபடி ஓடும்.

நேற்று ஓர் அம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா போன தடவை ஒரு அரண்மனைக் கதை சொன்னீங்களே, அதுல ஒரு களை இருந்துச்சு."

அத்தானின் முகத்தில் பழைய வியாபாரி ஒரு நொடி எட்டிப் பார்த்தான்.

மெஷின் நின்றது.

"அம்மாவுக்கு முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அக்கா.